மூன்றாவது சிவப்புத் துணி

அம்முலுவின் கட்டில் காலில் இரண்டாவது சிவப்புத் துணியைக் கட்டும்போது சூப்பிரண்டு சாமுவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கட்டி முடித்ததும், முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். வருத்தம் வேறு, ஒழுங்கு வேறு என்பது அவருடைய கட்சி.

"நான் கூப்ட்டேன் சார்" என்றாள் அம்முலு. "மேரி, மேரின்னு மூணு வாட்டி கூப்ட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"எனக்கு இன்னா சார் தெரியும் மணி? வந்துது, கூப்ட்டேன்."

சாமுவேல் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "மேரி வந்து பார்த்தது மூணு முப்பத்தெட்டுக்கு. நாலு மணிக்குப் பெல். இருபத்திரண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

"நான் பொறுத்துக்குவேன் சார். அது பொறுக்கலியே!"

பக்கத்துக் கட்டிலில் யாரோ போர்வைக்குள் சிரித்தார்கள். சாமுவேல் சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா பின்கொட்டகைதான் அம்முலு. நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில் இருந்தது அந்த நல்லடைக்கலம் முதியோர் இல்லம். அறுபதாம் வருடம் ஓர் அறக்கட்டளை அதைத் தொடங்கும்வரை அது வேர்க்கடலைக் கிடங்கு. மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து கடலை வாசனை வரும். பதினான்கு முதியவர்களுக்கும் காரணம் தெரியாமல் பசி எடுக்கும்.

சாமுவேல் முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். செங்கல்பட்டு அரக்கோணம் பாதையில், ஒரு நாளைக்கு நான்கு வண்டி நிற்கும் சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தின் சூப்பிரண்டாக வரும்போது ஒரு தண்டவாளத் துண்டையும் பழைய சிவப்புக் கொடி ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார். தண்டவாளத் துண்டு முற்றத்துப் புங்கமரத்தில் தொங்கியது. காலை ஐந்தரை, பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு என்று நாலு முறை அதை அடிப்பார். அடித்ததும், எழ முடியாதவர்களுக்குப் பெட்பான் வைப்பதும், நடக்கக் கூடியவர்களைக் கைபிடித்துப் பின்னாலிருக்கும் கக்கூசுக்கு அழைத்துப் போவதும் பணிப்பெண் பாக்கியமேரியின் வேலை. இரண்டு பெல்லுக்கு நடுவில் எந்த வண்டியும் நிற்காது.

சிவப்புக் கொடியை அவர் நாடா நாடாவாகக் கிழித்து வைத்திருந்தார். படுக்கை நனைந்தால் கட்டில் காலில் ஒரு நாடா. ஒரு மாதத்துக்குள் மூன்று சேர்ந்தால், துணி காயப்போடும் கொடிக்கு அப்பால் இருக்கும் ஓலைக் கொட்டகைக்கு மாற்றம். பட்டணத்திலிருந்து கமிட்டிக்காரர்கள் வந்தால் முன் வார்டு நாற்றமில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா? கொட்டகைக்காரர்களுக்குச் சாப்பாடு அங்கேயே போய்விடும். அவர்கள் முன்பக்கம் வரக் கூடாது.

அம்முலுவுக்குக் கொட்டகையைப் பற்றிப் பயமில்லை. ஓலைக் குடிசையில் பிறந்து, ஓலைக் குடிசையில் வாழ்க்கைப்பட்டவள் அவள். பயம் பெஞ்சைப் பற்றித்தான்.

அவள் கணவர் வேதகிரியும் அதே இல்லத்தில்தான் இருந்தார், ஆண்கள் பக்கத்தில். பிள்ளை குட்டி இல்லாமல் நாற்பத்து மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த இருவருக்கும் இப்போது நடுவில் ஒரு முற்றம், ஒரு கம்பிக் கதவு. மாலை நாலரையிலிருந்து ஐந்து வரை முன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம் என்பது சாமுவேல் கொடுத்த சலுகை. அந்த அரை மணி நேரமும் இருவரும் சண்டைதான் போட்டார்கள். ஆனால் நாலு மணி பெல் அடித்ததுமே அம்முலு தலை வாரிக்கொண்டு தயாராகிவிடுவாள். சண்டை போடக் கூடத் தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அழுதுவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு கட்டுனா அங்க போட்ருவாங்கோ. அப்பறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

வேதகிரி துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் சாலவாக்கத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மடையைத் திறந்து மூடி, யார் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது அவர் வேலை. ஒரு சென்ட் நிலம் கூட இல்லாமல், ஊரார் நிலத்துக்கெல்லாம் நாற்பது வருடம் தண்ணீர் பங்கிட்டவர். தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்துக்கும் தம்மிடம் விடை உண்டு என்று உறுதியாக நம்பினார்.

"இதுக்கா அயுவுறே? ஏரி வழியற மாதிரி இருந்தா இன்னா பண்ணுவோம் அம்மூ?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ ஏரியில கெடந்தே, நான் வூட்ல கெடந்தேன்."

"வரத்துக் கால்வாய அடைப்போம். உள்ள வந்தாத்தானே வெளிய போவும்? நீ நாளைலேர்ந்து தண்ணி குடிக்காத. மோரு, கஞ்சித்தண்ணி ஒண்ணும் வாணாம். சோத்தைக் கட்டியா சாப்டு."

அம்முலு யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இவர் யோசனை சொல்லிவிட்டு ஜாலியாக இருப்பாரே!

"அப்டின்னா நீயும் குடிக்கக் கூடாது. நான் காஞ்சி கெடக்க சொல்ல நீ மட்டும் ரொப்பிக்கினு இருப்பியா?"

"சத்தியமா குடிக்க மாட்டேன், போ."

சித்திரை மாதம். வெயில் கிடங்கின் தகரக் கூரையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அம்முலு ஒரு நாள் முழுக்கச் சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் மாலை பெஞ்சில் கணவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மீசையில இன்னா வெள்ளையா?"

"நரை."

"நேத்து இல்லாத நரை இன்னிக்கி சொட்டு சொட்டா வந்துச்சாங்காட்டியும்?"

வேதகிரி மீசையைத் துடைத்துக்கொண்டார். "அரை டம்ளர் மோருதான் அம்மூ. சமையக்கட்டுல கெஞ்சிக் குடுத்தாங்கோ."

"யாரு கெஞ்சினது, அவங்களா நீயா?"

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலையில் எழுந்த அம்முலுவுக்குத் தலை சுற்றியது. அடிவயிறு எரிந்தது. தண்ணீரே குடிக்காத உடம்புக்கு அரை மணிக்கு ஒரு தரம் ஒன்றுக்கு வந்தது. போனால் நாலு சொட்டு, நெருப்பு மாதிரி. வாரம் ஒரு முறை ஜீப்பில் வரும் டாக்டரம்மா அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனாள்.

"இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தா மூத்திரம் கெட்டியாகி உள்ள எரியும். எரிஞ்சா அடிக்கடி வரும், அடக்கவும் முடியாது. யாரு சொன்ன வைத்தியம் இது?"

வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக ஆண்கள் வராந்தாவைக் காட்டினார்கள். அங்கே வேதகிரி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவர் யாரு? நாட்டு வைத்தியரா?"

"இல்லீங்கம்மா" என்றாள் பாக்கியமேரி. "ஏரி நீர்க்கட்டி."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர், மோர், பார்லிக் கஞ்சி என்று எழுதிக் கொடுத்தாள். சாமுவேலிடம், "கேட்ட உடனே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. வயசானவங்களுக்கு அடக்கி வைக்கிற சக்தி குறைஞ்சிடும். அது அவங்க தப்பு இல்லை" என்றாள்.

"டைம்டேபிள்ல இடமில்லை, டாக்டரம்மா" என்றார் சாமுவேல் மிகவும் பணிவாக.

ஜீப் போய்விட்டது. அம்முலு நாலு டம்ளர் மோர் குடித்தாள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேரியைக் கூப்பிட்டாள். மேரி இன்னொருத்திக்குப் பெட்பான் வைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் சூப்பிரண்டுக்குத் தெரியாமல், திருட்டுத்தனமாக. "தோ வரேன் ஆயா, தோ வரேன்!" என்று கத்தினாள். வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

மூன்றாவது சிவப்புத் துணியைக் கட்டும்போது சாமுவேல் முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொட்டகையில் ஏற்கனவே ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பெண்கள், மூங்கில் தட்டிக்கு அப்பால் ஓர் ஆண். அம்முலுவின் கட்டிலை ஆண்டாளம்மாளின் கட்டிலுக்கு அருகில் போட்டாள் மேரி. ஆண்டாளம்மாள் அம்முலுவின் ஊரிலேயே மூன்று காணி நஞ்சைக்குச் சொந்தக்காரியாக இருந்தவள். பிள்ளைகள் நிலத்தை விற்றுக்கொண்டு சென்னைக்குப் போன பிறகு இங்கே வந்தாள். முதலில் அம்முலுவின் கட்டிலைப் பார்த்து, "ஒரு முழம் தள்ளிப் போடு" என்றாள். தள்ளிப்போட இடமில்லை.

"உனக்கும் மூணா?" என்று அம்முலு கேட்டுவிட்டாள்.

"எனக்கு எதுக்குடி மூணு? நானா கேட்டு வாங்கிக்கினு வந்தேன். இங்க காத்து நல்லா வருது." ஆண்டாளம்மாள் அப்படிச் சொல்லிக்கொண்டே காலை நீட்டிச் சேலையால் கட்டில் காலை மறைத்தாள்.

அன்று மாலை வேதகிரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். நாலரை மணி முதல் ஐந்து வரை எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். குளிக்கவில்லையா என்று கேட்க ஆளில்லை. குளித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் ஆளில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவருக்கு ஒரு வழி பிறந்தது.

அவளை முன்னால் கொண்டுவர முடியாவிட்டால், தான் பின்னால் போய்விட்டால் போயிற்று! ஒரு மூங்கில் தட்டிதான் நடுவில். முற்றத்தையும் கம்பிக் கதவையும்விடத் தட்டி எவ்வளவோ மேல். தட்டி வழியாகச் சண்டை போடுவதை எந்த ரயில்வேச் சட்டம் தடுக்கும்?

மூன்று சிவப்புத் துணி வேண்டும், அவ்வளவுதானே.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்கும் நேரத்தில் வேதகிரி இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். ஏரி மடையை நினைத்தார். கடைக்கழனி வரை தண்ணீர் சலசலத்து ஓடுவதை நினைத்தார். வயிறு பானை மாதிரி உப்பியது. ஒரு சொட்டு வரவில்லை.

படுக்கையில் போகக் கூடாது என்று நாலு வயதில் அம்மா முதுகில் வைத்த அறை எழுபது வயதிலும் வேலை செய்தது. வேதகிரி பல்லைக் கடித்தார், மூச்சை அடக்கினார், ஒருக்களித்தார், குப்புறப் படுத்தார். அவர் சொல்லித் திறக்காத மடை ஊரில் ஒன்று கூட இருந்ததில்லை. இது திறக்கவில்லை. நாலு மணிக்குப் பெல் அடித்ததும், எழுந்து ஓடிக் கக்கூஸ் கதவைத் தொட்ட கணத்தில் அருவி மாதிரி கொட்டியது.

"சீ, நன்றி கெட்டது" என்று அவர் சொன்னதை அடுத்து நின்றவர் கேட்டார்.

மறுநாள் அவர் சொம்போடு வந்து படுத்தார். எல்லாரும் குறட்டை விட ஆரம்பித்ததும் போர்வையைத் தூக்கி, சொம்புத் தண்ணீரைப் படுக்கையின் நடுவில் நிதானமாக ஊற்றினார். கழனிக்குப் பாய்ச்சிய கை. ஓரத்துக்குப் போகாமல் நடுவில் நின்றது.

சாமுவேல் வந்தார். முதல் துணியைக் கட்டினார். வேதகிரி தலையைக் குனிந்து வெட்கப்படுவது போல நடித்தாலும், அவர் போனதும் அந்தத் துணியைப் புது வேட்டிக்கரை போல நீவிவிட்டுக்கொண்டார். அடுத்த நாள் இரண்டாவது. பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். "பொண்டாட்டி போன சோகம்" என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது நாள் படுக்கையை மாற்ற வந்த மேரி துணியைச் சுருட்டியவள் சட்டென்று நின்றாள். மூக்கருகில் கொண்டுபோனாள்.

"நைனா."

"இன்னா மேரி?"

"பத்து வருசமா நான் இந்த வேலைல கீறேன். ஒருத்தர் மூத்திரத்துல கூட வெட்டிவேர் வாசனை வந்ததில்ல."

குடிதண்ணீர்ப் பானையில் அன்றைக்குத்தான் வெட்டிவேர் போட்டிருந்தார்கள்.

வேதகிரி எழுந்து உட்கார்ந்தார். "சொல்லிடாத மேரி. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

ஆனால் வாசலில் சாமுவேல் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

சூப்பிரண்டு அறையில் விசாரணை நடந்தது. "ரயில்வேயில் இது போர்ஜரி" என்றார் சாமுவேல். "ஏன் இப்படிச் செஞ்சே?"

"அவ அங்க கீறா சார்."

"அதனால?"

அதுவே முழுக் காரணம் என்று வேதகிரி நினைத்தார். சாமுவேல் கடிகாரத்தை எடுத்தார், மணி பார்க்காமலே திரும்ப உள்ளே வைத்தார். அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணு வேதகிரி. பதினாலு பேர், ஒரு மேரி. நேரம் வகுக்காம எப்படி நடத்துறது?"

"நேரம் வகுங்க சார், வாணாங்கல. ஆனா எல்லாருக்கும் ஒரே நேரம் எப்டி? மணல் நெலத்துக்கு ரெண்டு நாழிக்கு ஒரு தரம் வுடணும். களி நெலம் அரை நாளு தாங்கும். ரெண்டுக்கும் ஒண்ணா மடை தொறந்தா ஒண்ணு வழியும், ஒண்ணு காயும். கழனியப் பாத்து முறை வைக்கணும் சார்."

"மனுஷங்க கழனி இல்லை."

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள் கதவருகில் நின்ற மேரி. அவள் அந்த அறையில் வாய் திறந்ததே அன்றைக்குத்தான். "நீங்க பெல் அடிச்ச ஒடனே பதினாலு பேரும் ஒண்ணா கூப்புடறாங்கோ. எனக்கு ரெண்டு கைதான். மொத ஆளைக் கவனிச்சிட்டுக் கடைசி ஆள்கிட்ட போவ சொல்ல ஒரு மணி நேரம் ஆவுது. பாதி பேரு பெல்லுக்கு நடுவுல நனைக்கல ஐயா. பெல் அடிச்ச பிறகு, எனக்காகக் காத்துக்கினு இருக்க சொல்ல நனைக்கறாங்கோ. அத்தயும் நான்தான் தொவைக்கிறேன்."

சாமுவேல் மனத்தில் ஒரு படம் ஓடியது. ஒற்றைத் தண்டவாளம். ஒரே பிளாட்பாரம். பதினாலு வண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் இறக்கிவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர். யார் அந்த முட்டாள் என்று கேட்டால், அவன் கையில் இவருடைய கடிகாரம் இருந்தது.

"ஒரு வாரம்" என்றார் கடைசியில். "கொட்டகையில மட்டும். உன் முறையை வச்சுப் பாரு. ஏழு நாள் ஒரு படுக்கையும் நனையலேன்னா அம்முலு முன் வார்டுக்கு வரட்டும், பெல்லையும் மாத்தறேன். ஒண்ணு நனைஞ்சாலும் பழையபடிதான். இன்னொண்ணு. நீ கொட்டகைப் படலுக்கு வெளியே உட்கார்ந்து சொல்லணும், மேரி செய்வா. பொம்பளைங்க பக்கம் ஒரு அடி வச்சே, அப்பவே ரத்து."

மறுநாள் காலை வேதகிரி படலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் வேண்டாமென்றுவிட்டார். தம் நிழலைத் தம் பாதத்தால் அளந்தே நேரம் சொன்னார். முதல் நாள் முழுவதும் யார் எப்போது குடித்தார்கள், எப்போது வந்தது என்று கேட்டு, மண்ணில் ஆளுக்கொரு கோடு கிழித்தார். இதில்தான் சங்கடம். ஆண்டாளம்மாள் பதில் சொல்ல மாட்டேன் என்றாள்.

"என்னைக் கேக்கறதுக்கு நீ யாருடா வேதகிரி? நாப்பது வருசம் என் கழனிக்குக் கடைசில தண்ணி வுட்டவன்தானே நீ?"

"உங்க கழனி கடைக்கழனி ஆச்சேம்மா. கடைசிலதான் போவும்."

"இப்ப எனக்குத்தான் மொத முறை. ஆமா சொல்லு, அப்பதான் நேரம் சொல்லுவேன்."

"முறை முறைதாம்மா. நீங்க களிமண்ணு, நின்னு தாங்குவீங்க. என் வூட்டுக்காரி மணலு."

"யாரு களிமண்ணு?" ஆண்டாளம்மாள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "என்னுது வண்டல்! தாலுக்காவுலயே அந்த மாதிரி வண்டல் கெடயாது!"

"வண்டலும் அரை நாளு தாங்கும்மா."

கொட்டகையே சிரித்தது. தட்டிக்கு அப்பாலிருந்த கிழவர் கூடச் சிரித்தார். ஆண்டாளம்மாளுக்கும் உதடு துடித்தது. பிறகு சுவரைப் பார்த்தபடி, காப்பி குடித்தால் ஒரு மணி நேரம், கஞ்சி குடித்தால் இரண்டு மணி நேரம் என்று ரகசியம் போலச் சொன்னாள்.

முறை ஓடியது. "மேரி, மூணாங்கட்டிலு!" என்று படலுக்கு வெளியிலிருந்து குரல் வரும். மேரி நடந்து போவாள். ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் நாளும் கொட்டகைப் படுக்கைத் துணி ஒன்று கூடக் கொடிக்கு வரவில்லை. நான்காம் நாள் சாமுவேல் யாருக்கும் தெரியாமல் வந்து கொடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மேரி பகலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டாள். அவளே அதை நம்பவில்லை.

ஏழாவது நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மாலையோடு கெடு முடிகிறது.

"மேரி, அம்முலு முறை!" என்றார் வேதகிரி.

மேரி அம்முலுவைத் தூக்கி உட்கார வைத்த அதே நேரத்தில், ஆண்டாளம்மாள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மதியம் யாரோ உறவினர் வந்து ஒரு பெரிய கூஜா இளநீர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை அவள் முறைக்காரனிடம் சொல்லவில்லை. தனியாகக் குடித்து முடித்திருந்தாள்.

"மேரி... மேரி, முடியலடி..."

மேரி இருபுறமும் பார்த்தாள். ஆண்டாளம்மாளை நடத்திக்கொண்டு போக முடியாது, பெட்பான்தான். அம்முலுவைக் கக்கூசுக்குத் தாங்கிப் பிடித்து நடத்த வேண்டும். இரண்டில் ஒன்று நனையும்.

"நைனா, யாரு?"

படலுக்கு வெளியே வேதகிரி எழுந்து நின்றார். முறை அம்முலுவுடையது. அவள் படுக்கை நனைந்தாலும் ஆண்டாளம்மாள் படுக்கை நனைந்தாலும் கதை ஒன்றுதான். பெஞ்சு போய்விடும். ஆண்டாளம்மாளின் குரல் இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை அது மூன்று காணிக்காரியின் குரலாக இல்லை.

"வேதகிரி... ஏம்ப்பா..."

"ஆண்டாளம்மாவப் பாரு மேரி!" என்று கத்தினார் வேதகிரி. கத்திவிட்டு, படலைத் தூக்கி ஓரமாக வைத்தார். செருப்பைக் கூட மாட்டாமல் நேராகப் பெண்கள் பக்கம் நுழைந்து, அம்முலுவின் கையைப் பிடித்தார்.

"ஐயோ, நீ எங்க இங்க வரே? சார் பாத்தா..."

"பாத்தா பாக்கட்டும். எய்ந்திரு."

"மெல்ல இயுய்யா. கை இன்னா தாம்புக்கயிறா?"

"நீ மெல்ல போனா நனைஞ்சிரும். வேகமா வா."

"வேகமா போனாதான்யா நனையும்!"

சண்டை போட்டபடியே இருவரும் துணிக்கொடியைக் கடந்தார்கள். வேதகிரி அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டார். நாற்பது அடி தூரம். ஒரு முறை அவள் நின்று, பல்லைக் கடித்து, கண்ணை மூடினாள். அவர் மூச்சு விடாமல் காத்திருந்தார். பிறகு நடந்தார்கள். அவளைக் கக்கூசுக்குள் விட்டு, தகரக் கதவைச் சாத்தி, முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றார்.

எதிரில் சாமுவேல் நின்றார்.

"வேதகிரி!" என்றார் அவர். "நான் என்ன சொன்னேன்? ஒரு அடி வச்சாலும்..."

"யாருய்யா அங்க?" என்று தகரக் கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. "ஒரு பொம்பளை நிம்மதியா உக்கார வாணாம்? ஆம்பளைங்க ரெண்டு பேரு வாசல்ல நின்னுக்கினு பேசறீங்களே, வெக்கமா இல்ல?"

சாமுவேல் இரண்டடி பின்னால் போனார். "இல்லை அம்முலு, ரூல் என்னன்னா..."

"சூப்பிரண்டு சார்!" இது கொட்டகைக்குள்ளிருந்து, துணி மறைப்புக்குப் பின்னால். ஆண்டாளம்மாள் பெட்பானில் இருந்தபடியே பேசினாள். குரலில் பழைய அதிகாரம் திரும்ப வந்திருந்தது. "அந்த ஆளை ஒண்ணும் சொல்லாதீங்க! சொந்தப் பொண்டாட்டி முறைய எனக்கு வுட்டுக்குடுத்தான்! என் படுக்கை காஞ்சி கீது, வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க! ...இப்ப இல்ல, அப்பறமா வந்து!"

முன்னால் ஒரு குரல், பின்னால் ஒரு குரல். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாரோ ஒரு பெண்மணியின் மறைவில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வருட சர்வீசில் சாமுவேல் இப்படி ஒரு கிராசிங்கில் நின்றதில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்முலு படுக்கை?"

"ரெண்டும் காய்ஞ்சிதான் கீது ஐயா!" என்று மேரி உள்ளேயிருந்து கத்தினாள்.

சாமுவேல் வேதகிரியைப் பார்த்தார். வெறுங்காலோடு, கைகட்டி, தகரக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த மனிதரை ஒழுங்கு மீறியவர் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. தம் வீட்டில், மனைவியின் கடைசி வருடம், பெட்பானை எடுத்துக்கொண்டு தாமே நடந்த நடை அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

"மேரி" என்றார், கதவுகளுக்கு மரியாதையாகத் தூரத்தில் நின்றுகொண்டு. "நாளைக்கு அம்முலு கட்டிலை முன் வார்டுக்கு மாத்து. அந்தத் துணிகளை அவிழ்த்துடு, எல்லார் கட்டில்லேர்ந்தும். பெல்லையும் மாத்தறேன். அப்புறம் வேதகிரி... கணவன் மனைவியா இருந்தா... கூட்டிட்டுப் போகலாம். பகல்ல. இருமிட்டு நுழையணும்." அதற்கு மேல் அங்கே நிற்காமல், தண்டவாளத்தில் நடப்பவர் போல நேராக நடந்து போனார்.

கதவு திறந்தது. அம்முலு நிம்மதியான முகத்தோடு வெளியே வந்தாள். "போய்ட்டாரா? இன்னா சொன்னாரு?"

"நாளைக்கு முன்னால வந்துர்லாமாம்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது நடந்த வேகத்தில் கால்வாசி கூடத் திரும்பும்போது இல்லை. துணி துவைக்கும் கல் அருகில் வந்ததும் முட்டி வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் பெல் அடிக்கவில்லை.

"உன் முறையத் தூக்கி அவங்களுக்குக் குடுத்துட்டேனே, கோவமா?" என்று கேட்டார் வேதகிரி.

"கோவந்தான்." அவள் அவர் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள். "நாளைலேர்ந்து மேரியை வாணாம்னு சொல்லிடு. அவ கை ஜில்லுனு கீது. நீயே வா."

"சரி, நானே வரேன்."

"குளிச்சிட்டு வா" என்றாள் அம்முலு.